கசவாலாவுக்கு ஒரு கட்டம்

முக்குளித்தவன் நீருக்கு மேல் தலையை நீட்டிக் கையை உயர்த்தினான். சுற்றுவலையின் அடிவாயைக் கட்டியாயிற்று. பெரிய படகில் ஆறு பேர், குடைந்த ஓடத்தில் இரண்டு பேர். இரு பக்கமும் கயிறு இழுபடத் தொடங்கியது.

"இழுங்கடா! பொண்டாட்டி தலமுடியத் தடவுற மாதிரி தடவாதீங்க!"

ரஜபுவின் குரல் கரைவரைக்கும் கேட்டது. அவன் மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அவனே அடியில் போய் வலையைக் கட்டியவன். ஆழத்துத் தண்ணீர் இடது காதைக் கொண்டுபோய்விட்டது. வலது காதும் பாதிதான்.

அக்டோபர் வெயில். ஏரிக்கு மேல் கொசுப்பூச்சிகள் கரும்புகைபோலத் தூண்தூணாக நின்றன. மழைக்கு இன்னும் ஒரு மாதம். கரையில் அலுமினியத் தவலைகளோடு பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டம்புலி நின்றார். மீன்வள ஆய்வு நிலையத்தின் மூத்த விஞ்ஞானி. இதே கரையில் பிறந்தவர். ரஜபு அவருடைய தங்கை புருஷன்.

வலை கரைக்கு வந்தது. கொட்டினார்கள். எல்லாம் விரல் நீளம், உள்ளங்கை நீளம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

டியாமிகே குனிந்து ஒன்றை எடுத்து அளவுப் பலகையில் வைத்தாள். நிலையத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆன பெண். ஊர் தெட்சா மலை. மீனைப் புத்தகத்தில் படித்தவள்.

"இது என்ன மீனு?" என்று யாசினியிடம் கேட்டாள். பிடிமீன் கணக்கு எழுதுகிறவன் யாசினி. அட்டையில் செருகிய படிவமும் காதில் செருகிய பென்சிலுமாக நின்றான்.

"கசவாலா, மேடம்."

"எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

"கம்பூசிக் கட்டத்துல."

"அப்ப கசவாலான்னா கம்பூசியா?"

"இல்ல மேடம். கம்பூசின்னா கம்பூசி. கசவாலான்னா கசவாலா."

"அப்புறம் ஏன் அதுல எழுதறீங்க?"

"கசவாலாவுக்குக் கட்டம் இல்லையே."

தவலைக்காரிகள் சிரித்தார்கள். "பாவம், மலைக்காரப் பொண்ணு," என்றாள் ஒருத்தி. "அவங்க ஊர்ல உருளைக்கிழங்குதான் நீந்தும்."

"வளந்தா சம்போம்மா," என்று இன்னொருத்தி இரக்கப்பட்டுச் சொல்லிக்கொடுத்தாள். "உள்ளங்கையத் தாண்டினா சம்போ. இப்ப கசவாலா. உன்னயும் சின்னதுல குமரின்னா கூப்பிட்டாங்க?"

மறுபடி சிரிப்பு. டியாமிகே சிரிக்கவில்லை. மீனைப் புரட்டி, வால் பக்கத்து அடித்துடுப்பை விரித்து முள்ளை எண்ணினாள். நான்கு. பக்கத்தில் கிடந்த, வளர்ந்தாலும் இதே நீளம்தான் இருக்கும் கம்பூசியை எடுத்து எண்ணினாள். மூன்று. பிறகு திரும்பி ஸ்டம்புலியைப் பார்த்தாள்.

அந்தப் படிவத்தை வரைந்தவர் அவர்.

*

ஸ்டம்புலியின் மனைவி இறந்து மூன்று ஆண்டு. பகல் சாப்பாடு தங்கை வீட்டில். யாவோ இனத்து ஆணுக்குத் தன் வீட்டைவிட உடன்பிறந்தவள் வீடுதான் முதல் பொறுப்பு. அவள் பிள்ளைகளுக்கு எது நடந்தாலும் மாமனைத்தான் கேட்பார்கள். அப்பன் பெயர் அப்புறம்தான் வரும்.

மைமுனா மக்காச்சோள மாவில் கிண்டிய நிசிமாவை உருண்டையாக எடுத்து வைத்தாள். தக்காளி போட்டு வதக்கிய உலர்ந்த உசிப்பா மீன். அவர் கையலம்பத் தண்ணீர் ஊற்றினாள்.

"தின்னு அண்ணே. உன் ஆபீசு இன்னும் நிசிமாவுக்குத் தடை போடல."

"மைமுனா..."

"நான் என்ன சொல்லிட்டேன்? தின்னுன்னுதானே சொன்னேன்."

ரஜபு எதிரில் உட்கார்ந்து வலது காதை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் கூட்டமாம். பெரிய ஆபீசர் வர்றாராம். வலையெல்லாம் கொண்டாந்து போடணுமாம். கொளுத்தப் போறாங்களாம். நெசமா மச்சான்?"

"நெசம்தான் மாப்ளே."

"என்ன?"

"நெசம்தான்!"

"எத்தன வருஷம்?"

"மூணு. ஏரியோட தென்கிழக்குக் கிளை முழுக்கச் சுற்றுவலை கிடையாது."

"மூணு வருஷம் என்னத்தத் திங்கறது? இந்தக் கல்லயா? மூத்தவ நர்ஸ் படிப்புக்குப் போயிருக்கா. அவள வரச்சொல்லிடவா? உங்க மருமக அவ. நீங்களே சொல்லுங்க, வரச்சொல்லிடறேன்."

ஸ்டம்புலி சாப்பாட்டைப் பார்த்தார். "ஏரில சம்போ இல்ல மாப்ளே. பத்துல ஒரு பங்குகூட இல்ல. மூணு வருஷம் விட்டாதான் குஞ்சு தேறும்."

"சம்போ இல்லன்னா எனக்கென்ன? நான் சம்போவா பிடிக்கறேன்? சின்ன மீனு எக்கச்சக்கமா கெடக்கு, சுற்றுவலை போடு, அரசாங்கமே சீட்டு குடுக்கும்னு சொன்னது யாரு? பெரிய கண்ணு வச்ச செவுள்வலையோட இருந்தவன் நான். நல்ல வலை. வித்துட்டு இத வாங்கினேன். சீட்டுல யாரு கையெழுத்து இருக்கு?"

"என் கையெழுத்துதான்."

"அப்ப ரிப்போர்ட்டுல என்னைத் திருடன்னு ஏன் எழுதினீங்க?"

"திருடன்னு எழுதல."

"யாசினி படிச்சுச் சொன்னான்." ரஜபு விரலை உயர்த்திப் படிப்பதுபோலச் சொன்னான். "'பொறுப்பற்ற மீனவர்களின் பேராசையால்.' பேராசைன்னா திருட்டுத்தானே? படிச்சவங்க பாஷையில வேறயா?"

அந்தப் பத்தியை எழுதியது தலைமை அலுவலகம். ஸ்டம்புலி படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பம் வைத்தார். எண்கள் சரியாக இருந்தன. காரணம் எண்களோடு பொருந்தியது.

மைமுனா குறுக்கே வந்தாள். "அவர விடு. அவரு கத்தறது பத்து வீட்டுக்குக் கேக்கும். நான் மெல்லச் சொல்றேன், கேளு. எங்களுக்கு அண்ணன் நீ. இந்த வீட்டுக்குக் காவல் நீ. கூட்டத்துல எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லு. எப்படிச் சொல்லுவியோ, எதச் சொல்லுவியோ, உன் படிப்பு உனக்கு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் பொய்யின்னா சொன்னேன்? வார்த்தன்னுதான் சொன்னேன்."

*

நிலையத்தில் மின்சாரம் இல்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு டியாமிகே தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பழைய படிவக் கட்டுகள். கரையான் தின்றது போக மிஞ்சியவை.

"உக்காருங்க சார்," என்றாள். நாற்காலியில் தூசி. அவர் நின்றார்.

"இந்தப் படிவத்துக்கு முன்னாடி இருந்தது இது. லத்தீன் பேரு, பக்கத்துல படம். வெள்ளைக்காரங்க போட்டது."

"யாருக்கும் புரியாது. கணக்கெழுதறவன் வாய்க்கு வந்தத எழுதுவான். அதனாலதான் மாத்தினேன்."

மாற்றியது அவர் வாழ்க்கையின் முதல் பெருமை. அப்போது நாற்பது வயது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். மீனவன் சொல்லும் பெயரே படிவத்தில் இருக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் வாதாடினார். சம்போ, கம்பூசி, உசிப்பா, கம்பாங்கோ. நான்கு மாவட்டங்களில் அதை ஏற்றுக்கொண்டார்கள். மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள். இந்த ஏரியை அறிந்தவன் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில்தான் பதவி உயர்வு.

"இந்தத் தாளப் பாருங்க சார்." டியாமிகே நீட்டினாள். "முதல் வருஷம். ஒருத்தரு ஓரத்துல கேட்டிருக்காரு. 'கசவாலாவை எதில் எழுதுவது?' கீழ பதில் இருக்கு. 'சிறியவை எல்லாம் கம்பூசி.' இது யாரு கையெழுத்து?"

அவர் தாளை வாங்கினார். நீல மை. அன்றைய பொழுது நினைவுக்கு வந்தது. மதிய வெயில், பசி, எதிரில் படிவத்தை நீட்டிக்கொண்டு யாரோ. கசவாலாவைச் சம்போக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கன்றுக்குட்டியை யாரும் மாடு என்று சொல்வதில்லை. நாக்கு பழகியபடி கை எழுதிவிட்டது. அவர் இடத்தில் ஒரு வெளியூர்க்காரன் இருந்திருந்தால் முள்ளை எண்ணியிருப்பான்.

அதன் பிறகு அவரிடம் வந்ததெல்லாம் கூட்டுத்தொகைதான். மீனைப் பார்க்கும்போது அவருக்குத் தெரிந்தது. தாளைப் பார்க்கும்போது தெரியவில்லை. கம்பூசி ஏறுகிறது, சின்ன மீன் பெருகுகிறது, சிறுகண் சுற்றுவலைக்குச் சீட்டுக் கொடுக்கலாம் என்று எழுதினார். கொடுத்தார்கள். வலைகள் பெருகின. குஞ்சுகள் வந்தன. கம்பூசி இன்னும் ஏறியது.

"பத்தொம்பது வருஷம்," என்றார்.

"கம்பூசின்னு எழுதினதுல பாதிக்கு மேல சம்போக் குஞ்சு சார். நான் போட்ட கணக்கு சரின்னா ஏரி நாம எழுதினதவிட மோசமா இருக்கு. மூணு வருஷம் பத்தாது. அஞ்சு வேணும்."

வெளியே ஒரு படகின் எஞ்சின் இருமி நின்றது.

"ஒரு வழி இருக்கு," என்றாள். அவளுக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "எண்ண மட்டும் திருத்திட்டு ரிப்போர்ட்ட அப்படியே அனுப்பிடலாம். காரணம் சொல்ற பத்தியத் தொட வேணாம். தடை நிலைக்கும். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே சர்வீசு."

"அந்தப் பத்தில அவங்க பேராசைன்னு இருக்கும்."

"இருக்கும்."

"அவங்க வலைக்குத் தீ வைப்பாங்க. நான் மாலை போட்டுக்கிட்டு ஓய்வு வாங்குவேன்."

"மீன் பிழைக்கும் சார்," என்றாள் டியாமிகே. "நீங்க எந்திரிச்சு நின்னு கணக்குத் தப்புன்னு சொன்னீங்கன்னா, அவங்க காதுல அது மட்டும்தான் விழும். மிச்சம் எதுவும் விழாது."

அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை. பெரிய அத்திமரத்தடி. தொழுகை முடிந்த ஆண்கள் குல்லாயோடு ஒரு பக்கம், பெண்கள் பாய் விரித்து ஒரு பக்கம். நடுவில் நாற்காலிகள். ஊர்த்தலைவியான கிழவி ஒன்றில், தலைமை அலுவலக அதிகாரி ஒன்றில். அவருடைய வெள்ளைக் காரின் நிழலில் இரண்டு போலீஸ்காரர்கள். அந்தப் பக்கம் ஒன்பது சுற்றுவலைகள் குவிந்து கிடந்தன. ரஜபு தன் வலைமேல் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கச் சொன்னபோது காது கேட்காதவன்போல இருந்துவிட்டான்.

அதிகாரி அறிக்கையை வாசித்தார். பேராசை என்ற இடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பிறகு ஸ்டம்புலியைப் பேசச் சொன்னார்.

ஸ்டம்புலி எழுந்தார். மடித்த தாளைப் பிரித்தார். சுருக்கமாகச் சொன்னார். அவர் எப்போதும் சுருக்கமாகச் சொல்பவர்.

"மீனு கொறஞ்சதுக்கு நீங்க காரணமில்ல. நான் காரணம். கசவாலாவ நான் கம்பூசில எழுதச் சொன்னேன். பத்தொம்பது வருஷமா குஞ்சையெல்லாம் வேற மீனுன்னு எண்ணினோம். அத நம்பி நான்தான் சுற்றுவலைக்குச் சீட்டு குடுத்தேன். இந்தத் தாள்ல என் கையெழுத்து இருக்கு."

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு பின்வரிசையில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது.

"கசவாலாவக் கம்பூசின்னு எழுதினாராம்!"

"வெளிநாட்டுல போய்ப் படிச்சது இதுதானா?"

"என் மூணு வயசுப் பேத்தி சொல்லுவா எது கசவாலான்னு."

ஊர்த்தலைவி கையைத் தூக்கினாள். அடங்கியது. "ஸ்டம்புலி. நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதாம்மா."

"உன் அம்மா என்ன வித்து உன்னப் படிக்க வச்சா?"

"கசவாலா காயவச்சு வித்தா."

"அந்தக் கசவாலாவ உனக்கு அடையாளம் தெரியல?"

"அடையாளம் தெரியாம இல்லம்மா. நாம அத சம்போன்னு சொல்றதில்ல. சொல்லாததால எழுதல. இது வெளியாளு பண்ற தப்பு இல்ல. நம்மாளுதான் பண்ண முடியும்."

ஊர்த்தலைவி அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கம் பார்த்தாள். மைமுனா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கிழவியின் முகம் இளகியது. ஏதோ புரிந்துவிட்டதுபோலத் தலையை ஆட்டினாள்.

"சரி. நீ ஒரு தங்கச்சிக்கு அண்ணன். உக்காரு."

கூட்டத்தில் அந்தச் சொல் காற்றுபோல ஓடியது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவன் குல்லாயைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றான். மரியாதைக்கு.

ஸ்டம்புலிக்கு அப்போதுதான் விளங்கியது. "இல்லம்மா, நான் தங்கச்சிக்காகச் சொல்லல. தடை வேணும். நான் நெனச்சதவிட மோசம். மூணு இல்ல, அஞ்சு வருஷம்..."

கூட்டம் கைதட்டியது. என்ன ஒரு ஆள், தன் வேஷத்தைக் கடைசிவரை விடாமல் நிற்கிறானே என்ற கைதட்டல்.

"போதும் மச்சான்!" ரஜபு ரகசியமாகத்தான் சொன்னான். எல்லாருக்கும் கேட்டது. "இழுத்தா அறுந்துடும்!"

ஊர்த்தலைவி அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "உங்க ஆளே சொல்லிட்டாரு ஐயா, கணக்குத் தப்புன்னு. பத்தொம்பது வருஷம் தப்பா எண்ணினவங்க இந்தத் தடவ மட்டும் சரியா எண்ணினீங்கன்னு நாங்க எப்படி நம்பறது? மொதல்ல மறுபடி எண்ணுங்க. அப்புறம் கொளுத்துங்க."

அதிகாரி தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. அடுத்த ஆண்டு தேர்தல். ஒன்பது வலையைக் கொளுத்திவிட்டு இந்தக் கரையில் யாரும் ஓட்டுக் கேட்க முடியாது. மறுகணக்கு முடியும்வரை தடை நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவித்தார். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். ரஜபு வலைமேலிருந்து எழுந்தான். எட்டுப் பேர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே தண்ணீருக்கு நடந்தார்கள்.

காருக்குள் ஏறுமுன் அதிகாரி ஸ்டம்புலியைத் தனியே அழைத்தார். "குடும்பம்னா இப்படித்தான். எனக்கும் தங்கச்சிங்க இருக்காங்க. புரியுது. ஆனா அரசாங்கக் கணக்கப் பொதுவுல பொய்யாக்கிட்டீங்க. திங்கட்கிழமைலேர்ந்து லீவுல இருங்க. ஓய்வுக் கடிதம் வரும்."

"நான் சொன்னது நெசம் சார்."

"நல்லது," என்றார் அதிகாரி. கார் கிளம்பியது.

டியாமிகே அளவுப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மறுகணக்குக்கு எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"மூணு வருஷம் சார். ஆள் குடுத்தா. டீசல் குடுத்தா." ஏரியைப் பார்த்தாள். ஒன்பது படகுகளும் இறங்கிவிட்டிருந்தன. "எண்ணி முடிக்கிறப்ப எண்ணறதுக்கு என்ன இருக்கும்னுதான் தெரியல. நான் மாறுதல் கேட்டு எழுதிட்டேன். மேட்டு நிலத்துல மீன்குட்டை இருக்காம்."

*

மறுநாள் மதியம் மைமுனா கோழி அடித்திருந்தாள். அரிசிச் சோறு. பண்டிகைக்குத்தான் அந்த வீட்டில் அரிசி. வழியெல்லாம் ஆட்கள் நின்று இரண்டு கையையும் தட்டி அவருக்கு வணக்கம் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகளாக அவர் இதே வழியில் போய் வந்திருக்கிறார். யாரும் நின்றதில்லை.

ரஜபு கையைக் கழுவிவிட்டு வந்தவன் அவர் முன் மண்டியிட்டான்.

"என்ன மாப்ளே இது, எந்திரி."

"உங்கள ஆபீசு ஆளுன்னு பேசினேன். தப்பு மச்சான். உங்க பேர நீங்களே அடிச்சு நொறுக்கிட்டு எங்க வலையக் காப்பாத்திட்டீங்க. எந்த அண்ணன் செய்வான்? ஊரே அதத்தான் பேசுது." அவன் கண் நிறைந்திருந்தது. "இன்னைக்குக் காலைல ஏழு தவல. ஏழு! கை வைக்க எடமில்ல."

"எல்லாம் கசவாலாதானே?"

"என்ன?"

"கசவாலாவா!"

"ஆமா ஆமா!" ரஜபு விழுந்து விழுந்து சிரித்தான். "யாசினிகிட்டச் சொன்னேன், கம்பூசில எழுதுடா, எங்க மச்சான் கட்டம் அதுன்னு!" எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வலைக்குப் போனான்.

மைமுனா சோற்றை வைத்தாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டாள். சிறு வயதில் அப்படித்தான் உட்காருவாள்.

"ஒண்ணு கேக்கவா அண்ணே? அன்னைக்கு நான் ஒரு வார்த்த சொல்லுன்னேன். இந்த மாதிரி ஒரு வார்த்தய நான் நெனச்சுக்கூடப் பாக்கல. கசவாலாவக் கம்பூசின்னு எழுதிட்டேன்னு... அது எப்படித் தோணிச்சு உனக்கு?"

"தோணல மைமுனா. நெசமாவே அப்படித்தான் எழுதினேன்."

அவள் சிரிப்பு நின்றது. வேலிப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. அவர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சரி சரி. அப்படியே சொல்லிக்கிட்டு இரு. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

சொல்லிவிட்டுக் கோழிக்கால் ஒன்றைத் தேடி எடுத்து அவர் சோற்றின்மேல் வைத்தாள்.